சிங்களத்தில் எழும்பத் தெரியுமா?

ஸ்பானிஷ் படிக்கப் போகிறவருக்குத் தொடக்கப் பாடங்களிலேயே ‘தெஸ்பெர்த்தார்ஸே’ என்ற வினை வந்துவிடும். விழித்துக்கொள்வது என்று பொருள். அது சாதுவான வினையும் அல்ல. இடையில் உயிரொலி மாறும், ‘மே’ என்றொரு சிறுசொல் ஒட்டிக்கொள்ளும். இருந்தும் அதை ஒதுக்கிவைப்பதில்லை. எழும்புவது, முகம் கழுவுவது, வேலைக்குப் போவது என ஒரு நாளைச் சொல்லத் தெரிந்தவருக்கே அந்த மொழியில் வாய் திறக்கும் என்பது அந்த ஆசிரியர்களின் கணக்கு. இங்கே அம்பாறை மாவட்டத்துச் சம்மாந்துறைப் பிள்ளையோ ஆறாம் தரத்திலிருந்து சிங்களம் படிக்கிறது. நாலு வருடம் கழித்து அம்பாறை ஆஸ்பத்திரியில், “இரவில் எத்தனை தரம் முழிப்பு வந்தது?” என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டால், சீனி வருத்தமுள்ள வாப்பாவுக்காக அந்தப் பிள்ளையால் பதில் சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடிவதில்லை. இதற்குப் பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாடப்புத்தகத்தில் உரையாடல்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வகுப்பு நேரம் எழுத்தைக் கூட்டுவதற்கும் பார்த்தெழுதுவதற்குமே போய்விடுகிறது.

பேச்சுச் சிங்களத்துக்கும் எழுத்துச் சிங்களத்துக்கும் உள்ள தூரம் சின்னதல்ல. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மொழியியலாளர் ஜேம்ஸ் கெயர் 1968ஆம் ஆண்டிலேயே இதை விரிவாக எழுதினார். எழுத்தில் ‘நான் எழும்புகிறேன்’ என்றால் ‘நெகிட்டிமி’, ‘நாங்கள்’ என்றால் ‘நெகிட்டிமு’. தமிழைப் போலவே ஆளுக்கொரு விகுதி. பேச்சிலோ மம (நான்), ஒயா (நீ), எயா (அவர்), அப்பி (நாங்கள்) யாராக இருந்தாலும் ‘நெகிட்டினவா’ ஒன்றே போதும். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடச் சலுகை வேறென்ன வேண்டும்? இன்னொரு வசதியும் உண்டு. தானாக முழிப்பு வந்ததைச் சொல்ல ‘மட்ட எஹெருணா’ என்பார்கள். ‘மம’ போய் ‘மட்ட’, அதாவது ‘எனக்கு’, வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் வழியாக விளக்கப் போனால் இதற்கு அரைப் பக்கம் தேவை. தமிழில் ‘நான் எழும்பினேன்’, ‘எனக்கு முழிப்பு வந்தது’ என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ‘மம நெகிட்டா’, ‘மட்ட எஹெருணா’ என்று எழுதினால் பாடம் முடிந்தது. சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. தாய்மொழியில் கிடக்கும் இந்த மூலதனத்தை வகுப்பறை தொடுவதில்லை என்பதுதான் என் குறை. குர்ஆன் மத்ரஸாவில் பொருள் தெரியாமலும் சரியாக ஓதப் பழகுவதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. பொருளை விட்டு எழுத்தை மட்டும் கூட்டும் சிங்கள வகுப்புக்கு அந்த நியாயம் கிடையாது.

“சிங்களவர்கள் தமிழ் படிக்கிறார்களா, நாங்கள் மட்டும் ஏன்?” என்பவர்கள் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை மறக்காதவர்களின் கேள்வி அது. கோபத்தில் நியாயம் உண்டு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பிறகும் அம்பாறைக் கச்சேரியில் தமிழில் கடிதம் பெறுவது எளிதாகிவிடவில்லை. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் சேர்ந்து ஏறத்தாழ 60 வீதம். ஆகவே தமிழில் சேவை கேட்பது உரிமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரை அந்த உரிமை வந்துசேரும் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. உரிமைக்கு வழக்காடுகிறவருக்கும் எதிரே இருப்பவரின் பேச்சு விளங்கினால் கை ஓங்கும்.

பரீட்சைக்கு எழுத்துத்தானே வேண்டும் என்பது அடுத்த தடை. இதுதான் உண்மையில் கனமானது. அரச ஊழியர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது; அதற்கான அரசகரும மொழிகள் திணைக்களப் பரீட்சையில் வாய்மொழித் தேர்வும் உண்டு. வளர்ந்த உத்தியோகத்தரிடம் கேட்கப்படும் பேச்சைப் பிள்ளைப் பருவத்தில் சோதிக்காமல் விடுவது என்ன கணக்கோ! ஆறாம், ஏழாம் தரங்களிலாவது தவணைப் பரீட்சையில் பாதிப் புள்ளியை வாய்ப்பேச்சுக்கு ஒதுக்கலாம். எழுத்து பின்னால் வரட்டும்; வாயில் புழங்கிய சொல்லை எழுதப் பழகுவது அவ்வளவு கஷ்டமில்லை.

பேச ஆளில்லை என்றும் சொல்ல வேண்டாம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் சிங்கள மாணவர்களுக்கும் ஊர்த் தமிழ் தேவைப்படுகிறது. சனிக்கிழமைகளில் பாடசாலை மண்டபமொன்றைத் திறந்துவிட்டு, அவர்களையும் எட்டாம் தரப் பிள்ளைகளையும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார வைக்க அமைச்சின் சுற்றறிக்கை எதுவும் வேண்டியதில்லை. அதிபரும் பீடாதிபதியும் பேசிக்கொண்டால் போதும்.