பழுதுபார்ப்போர் இல்லாத உதவி

மேற்கு ஆபிரிக்க நாடான காம்பியாவின் வைத்தியசாலையொன்றுக்கு 2000 ஆம் ஆண்டில் ஒட்சிசன் செறிவாக்கி இயந்திரங்கள் நன்கொடையாக வழங்கப்பட்டன. ஒட்சிசன் விநியோகத்தைத் தடையின்றிப் பேணுவதே நோக்கம். ஆனால், அவை பழுதடைந்து களஞ்சியத்தில் முடங்கின. பின்னர் நிபுணர் ஒருவர் பரிசோதித்தபோது, அவ்வியந்திரங்கள் அந்நாட்டு மின்சாரத்தின் அழுத்தத்துக்கும் மீடிறனுக்கும் பொருந்தாதவை என்பது தெரியவந்தது. இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் பொறிக்கப்பட்டிருப்பதை வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒருவர், வழங்கியவர் பக்கத்திலோ பெற்றவர் பக்கத்திலோ இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இது ஒரு வைத்தியசாலையின் துரதிர்ஷ்டம் மாத்திரமன்று. வளம் குன்றிய 16 நாடுகளில் 112,000 இற்கும் அதிகமான மருத்துவ உபகரணங்கள் தொடர்பான விபரங்களைத் தொகுத்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவற்றில் சுமார் 38 சதவீதமானவை இயங்காத நிலையில் இருந்ததாகக் கண்டறிந்தது. பயிற்சியின்மை, முறையான முகாமைத்துவமின்மை, உட்கட்டமைப்புக் குறைபாடு ஆகியனவே அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

உதிரிப்பாகங்கள் இல்லை, பணம் இல்லை, பொறியியலாளர்கள் இல்லை என்பதே இது குறித்து வழமையாகக் கேட்கும் பதில். அது முழு உண்மையன்று. ஆபிரிக்கா உட்படப் பல பிராந்தியங்களிலுள்ள 11 நாடுகளைச் சேர்ந்த 60 வைத்தியசாலைகளின் பழுதுபார்த்தல் கோரிக்கைகளை ஆராய்ந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. இயங்காதிருந்த உபகரணங்களில் 66 சதவீதமானவற்றை, வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் எதுவுமின்றி, 107 அடிப்படைத் திறன்களைக் கொண்டே மீண்டும் இயக்க முடியும் என்பதே அது. மின்சுற்று, மின்வழங்கி, மோட்டார், குழாய் இணைப்பு, இயந்திரப் பகுதிகள், உபகரணத்தைக் கையாளும் முறையைப் பயனாளருக்குக் கற்பித்தல் ஆகியவற்றுக்குள் இத்திறன்கள் அடங்கிவிடுகின்றன. பட்டப்படிப்பு தேவைப்படும் விடயங்கள் அல்ல இவை. தொழில்நுட்பக் கல்லூரியொன்று கற்பிக்கக்கூடியவையே.

ருவாண்டாவில் இதே பாடத்திட்டத்தின் அடிப்படையில் வைத்தியசாலைத் தொழில்நுட்பவியலாளர்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. பயிற்சியில் பங்குபற்றாத வைத்தியசாலைகளுடன் ஒப்பிடுகையில், பங்குபற்றிய வைத்தியசாலைகளில் இயங்காத உபகரணங்களின் தொகை 43 சதவீதத்தால் குறைந்ததாக அறிக்கையிடப்பட்டது. புதிய இயந்திரங்களைக் கொள்வனவு செய்யாமலேயே கிட்டிய பயன் இது.

இருந்தும், இத்தகைய பயிற்சிகள் பெருமளவில் வெளிநாட்டு அறக்கட்டளைகளின் நிதியிலேயே தங்கியிருக்கின்றன. புதிய இயந்திரத்தைக் கையளிக்கும் வைபவத்துக்கு அமைச்சரும் தூதுவரும் சமுகமளிப்பர், படப்பிடிப்பாளர்களும் வருவர். வடிகட்டியைச் சுத்தப்படுத்தும் தொழில்நுட்பவியலாளரை யார் படம்பிடிக்கப் போகிறார்கள்? உதவி வழங்கும் நாடுகள், தாம் அனுப்பும் உபகரணங்களின் பெறுமதியில் ஒரு பகுதியையேனும் அவற்றைப் பராமரிப்போரின் பயிற்சிக்கு ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். பெறும் நாடுகளுக்கும் பொறுப்புண்டு. பயிற்சி முடித்தவருக்கு அரச சுகாதார சேவையில் நிரந்தரப் பதவியும், பதவியுயர்வுக்கான வழியும், கையில் ஒரு மின்மானியும் வழங்கப்படாவிடின், கைத்தொலைபேசி நிறுவனங்கள் அவரை அழைத்துக்கொள்வதற்கு அதிக காலம் செல்லாது.