முதல் கிண்ணத்தை நீட்டியவர் யார்?

பள்ளிச் சீருடையைக் கழற்றாத சிறுவர்கள் மது அருந்திப் பிடிபட்டார்கள் என்னும் செய்தி இன்று நம்மை அதிரச் செய்வதில்லை. “காலம் கெட்டுவிட்டது” என்று பெருமூச்செறிந்து நாளிதழின் அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். காலம் தானாகக் கெடுமா? கெடுத்தவர் யார் என்று கேட்டால் மூன்று விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறோம்: தீய நட்பு, திரைப்படம், அரசு. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றிலும் நம் பெயர் இல்லை. அதனால்தான் அவை நமக்கு இவ்வளவு இனிக்கின்றன.

அரசின் குற்றம் சிறியதன்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீட்கப்பட்டு, 1981இல் மறுபடியும் கைவிடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24ஆம் நிதியாண்டில் மதுவால் கருவூலத்திற்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு அரசுக்கு வழிகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வழியைப் பார்ப்பவர்தாம் இல்லை.

எனினும் அதே அரசின் விதி, 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கலாகாது என்கிறது. அப்படியாயின் பதினாறு வயதுச் சிறுவனின் கைக்குப் புட்டி எவ்வாறு வந்து சேர்ந்தது? கடைக்காரர் விதியை மீறியிருக்கலாம். அல்லது வளர்ந்த ஒருவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அல்லது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாங்கிவரப் பழகிய கை, ஒருநாள் தனக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

நம் இல்லங்களைச் சற்று உற்று நோக்குவோம். புதுநன்மை விருந்து நடக்கிறது. நற்கருணை நாதரை முதன்முதலாக உள்ளத்தில் ஏற்ற குழந்தை கீழே கேக் வெட்டுகிறது. மேலே மொட்டைமாடியில் தந்தையின் நண்பர்கள் புட்டியைத் திறக்கிறார்கள். சோடாவும் பனிக்கட்டியும் வறுத்த கறியும் சுமந்து படியேறுகிறவன் அக்குழந்தையின் பதின்மூன்று வயது அண்ணன். மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு கற்றதைவிட அந்தப் படிக்கட்டில் ஒரே மாலையில் அவன் அதிகம் கற்கிறான். மகிழ்ச்சி என்றால் மது; துக்கம் என்றாலும் மது; ஆண் என்றால் மது. திருவிழாத் தேர்பவனி இரவும், துட்டி வீடும் இதே பாடத்தையே திரும்பச் சொல்லிக்கொடுக்கின்றன. பின்னர் ஒருநாள் மாமன் ஒருவர், “இனி நீ ஆம்பளைடா” என்று கிண்ணத்தை நீட்டுகிறார், சுற்றியிருப்போர் சிரிக்கிறார்கள். வளர்ந்துவிட்டோம் என்று உலகம் ஒப்புக்கொள்ளவேண்டும் என ஏங்கும் வயது அது. அந்த ஒப்புதலை நாம் புட்டிக்குள் அடைத்துவைத்தோம். அவன் அங்கே தேடியதில் வியப்பென்ன?

“எப்படியும் குடிக்கத்தான் போகிறான்; நம் கண்முன்னே அளவோடு பழகட்டும்” என்று வாதிடும் கற்றறிந்த பெற்றோரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 வளரிளம் பருவத்தினரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு இந்த வாதத்திற்குத் துணைநிற்கவில்லை. பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகள் அதனால் காக்கப்பட்டதற்குச் சான்றில்லை. அவர்கள் பின்னர் பிறரிடமும் மது பெறும் வாய்ப்பே மிகுந்திருந்தது. மேலும், பின்விளைவை எண்ணித் தன்னை அடக்கும் ஆற்றலுக்குரிய மூளைப்பகுதி ஏறத்தாழ 25 வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. அளவறியும் உறுப்பே முற்றாதவனிடம் அளவோடு குடி என்பது என்ன நியாயம்?

“கானா ஊரில் ஆண்டவரே திராட்சை இரசம் தரவில்லையா?” என்று கேட்போரும் நம்மிடையே உளர். அங்கே ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கத் தண்ணீர் இரசமாயிற்று. இங்கே ஒரு குடும்பத்தின் மானத்தைப் போக்க நாட்கூலி மதுவாகிறது. இரண்டையும் ஒப்பிட நா கூசவேண்டும்.

மாற்ற முடியாது என்று சோர்வதற்கும் இடமில்லை. ஐஸ்லாந்து நாட்டில் 1998இல், 15, 16 வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையுறக் குடித்திருந்தனர். 2016இல் அது நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. அங்கே பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவதோடு நின்றுவிடவில்லை. பெற்றோர் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். மாலை நேரத்தில் அணி அணியாகத் தெருக்களைச் சுற்றிவந்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் ஒதுக்கியது. முதலில் மாறியவர்கள் பெரியவர்கள்.

நம் பங்குகளில் இது இயலாததா? திருமுழுக்கு, புதுநன்மை, திருமண விருந்துகளில் மது இல்லை என்று அன்பியங்கள்தோறும் குடும்பத்தலைவர்கள் ஒன்றுகூடி முடிவெடுக்கட்டும். எந்தப் பிள்ளையையும் எவரும் மதுக்கடைக்கு அனுப்பாதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் பூட்டிக்கிடக்கும் மறைக்கல்விக் கூடம் மாலைதோறும் இளையோருக்குத் திறக்கட்டும். பந்தும் பறையும் கேரம் பலகையும் அங்கே வரட்டும். பிறகு கடையை மூடக்கோரி அரசிடம் செல்வோம். அப்போது நம் குரலுக்கு வலிமை இருக்கும்.

அதுவரை, தள்ளாடி வரும் சிறுவனைப் பார்த்து “யார் பெற்ற பிள்ளையோ” என்று முகம் சுளிக்க வேண்டாம். பெற்றவர் யாராயினும், பழக்கியவர்கள் நாம்.