சூரியன் இருந்த இடத்தில் கருந்துளை வந்தால்?

'கருந்துளை பூமியை விழுங்கப்போகுது' என்று ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டு வந்ததா? பயம் வேண்டாம். நம் சூரியன் ஒருநாளும் கருந்துளை ஆகாது. அதற்கான எடை அதனிடம் இல்லை. அந்த எடைக் கணக்கைப் போட்டவர், தஞ்சையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்த சந்திரசேகர். 1930-ல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், 19 வயதில்! எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் அது மேலும் நொறுங்கும். (நோபல் பரிசு 1983-ல்தான் வந்தது. ரொம்பத் தாமதம்.)

இதுவரை தெரிந்ததில் நமக்கு மிக அருகிலுள்ள கருந்துளை, கையா பிஎச்1. அதுவே சுமார் 1,560 ஒளியாண்டு தூரம். சூரியனை எடுத்துவிட்டு அதே எடையில் ஒரு கருந்துளையை வைத்தாலும் பூமி அதற்குள் விழாது, வழக்கம்போலச் சுற்றும். வெயில்தான் இருக்காது. மேட்டூர் நிறைந்திருந்தாலும் டெல்டாவில் குறுவை, சம்பா எதுவும் விளையாது.