பெஸ்டிசைடு வேற, இன்செக்டிசைடு வேற

போன சம்பாவுல எங்க வயல்ல குலைநோய். இலையெல்லாம் கண் மாதிரி புள்ளி, நடுவுல சாம்பல், ஓரத்துல பழுப்பு. கடைக்குப் போய் "பெஸ்டிசைடு குடுங்க" என்றேன். கொடுத்ததை வாங்கி வந்து அடித்தேன். நோய் அடங்கவில்லை. அப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: இன்செக்டிசைடு!

ரெண்டும் ஒண்ணில்லைங்க. பெஸ்டிசைடு என்பது குடும்பப் பெயர். பூச்சி, பூஞ்சாணம், களை, எலி என்று எதைக் கொல்வதும் அதில் அடங்கும். இன்செக்டிசைடு அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. அதன் வேலை பூச்சியைக் கொல்வது. குலைநோய் பூஞ்சாணத்தால் வருவது. அதற்கு ஃபங்கிசைடு வேணும். நான் அடித்ததில் நோய் அப்படியே நின்றது. புகையானைப் பிடித்துத் தின்கிற சிலந்திகள் செத்ததுதான் மிச்சம். காசும் போச்சு.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் 'மருந்து'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுக்கிற பழக்கம் நம்முடையது. அதை விடணும் என்பது என் கருத்து. டப்பாவில் உள்ள கலர் முக்கோணம் விஷத்தின் கடுமையைத்தான் சொல்லும். எதைக் கொல்லும் என்று சொல்லாது. அதற்கு எழுத்தைப் படிக்கணும்.

அடுத்த முறை நோய் கண்ட இலையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. "இது பூச்சியா, பூஞ்சாணமா?"ன்னு கேட்டுட்டு அப்புறம் காசை எடுங்க.