சனியின் மேல் ஒரு பழி

நவக்கிரகங்களுக்குக் கோபம் வந்தால் மனிதர்கள் தேவிபட்டினத்துக்குப் போகிறார்கள். மோட்டார் பஸ்ஸுக்குக் கோபம் வந்தால் எங்கே போவது? இந்தக் கேள்விக்கும் அந்த ஊரிலேயே நமக்கு விடை கிடைத்தது.

இராமநாதபுரத்துக்கு வடக்கே கடலோரமாயுள்ளது தேவிபட்டினம். கரைக்கு அருகே கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. இலங்கைக்குப் புறப்படுமுன் இராமபிரான் சனி தோஷம் நீங்க அவற்றை ஸ்தாபித்து வழிபட்டதாக ஐதீகம். நாமும் குடும்ப சகிதம் ஸ்நானமும் தரிசனமும் முடித்துத் திரும்புகையில், யாத்திரிகர்களை ஏற்றி வந்த பழைய டீஸல் பஸ் ஒன்று சாலையோரம் நிற்பதைக் கண்டோம். பஸ்ஸின் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் டிரைவர் முகம் வாடி நின்றார். முதலாளியோ சனி பகவானை நிந்தித்துக்கொண்டிருந்தார்.

விசாரித்தோம். சில மாதங்களாகவே வண்டியில் ஒரு சத்தம். நின்றபடி எஞ்சின் ஓடும்போது கரகரவென்று அரைக்கும். கிளட்சை மிதித்தால் உடனே ஓய்ந்துவிடும். "மிதித்தால் நிற்கிறதல்லவா? ஆகையால் கோளாறு கிளட்சில்தான்" என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு முறை கிளட்சுத் தகடு மாற்றியாயிற்று. டிரைவர் எந்நேரமும் கிளட்சின்மேல் காலை வைத்தே ஓட்டுகிறார் என்று குற்றம் சாட்டி, அந்தச் செலவை அவருடைய சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இருபது வருஷம் வண்டி ஓட்டிய மனிதருக்குப் பணம் போனதைக் காட்டிலும் பெயர் கெட்டதுதான் பெரிய துக்கம்.

கீழேயிருந்து வெளிவந்த வயதான மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே சொன்ன நியாயம் நேயர்கள் அறியத் தக்கது.

"ஐயா, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலே இருப்பது கிளட்சு. அதை மிதித்தால் இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் விட்டுப் போகிறது. பெட்டிக்குள்ளே சுற்றுகிற பல்சக்கரங்கள் நின்றுவிடுகின்றன. அப்போது சத்தம் ஓய்ந்தால், சத்தம் போட்டது பெட்டிதானே? கிளட்சு பேரிங் கெட்டிருந்தால் மிதிக்கும்போதல்லவா கத்தும்!"

பிறகு வண்டியைச் சற்று தூரம் ஓட்டச் சொன்னார். கீழ் கியர்களில் ஊளையிட்ட பஸ், டாப் கியரில் மட்டும் ஏறக்குறைய மௌனம் சாதித்தது. அந்த வகைப் பெட்டியில், டாப் கியரில் எஞ்சினின் சக்தி நேராகப் பின்னால் போகிறது. மற்ற கியர்களில் 'லே ஷாப்ட்' என்னும் துணைத் தண்டு பாரம் சுமக்கிறது. ஆகவே நோய் அந்தத் தண்டின் பேரிங்கில் என்றார். கடைசியாக எண்ணெயை வடித்துப் பார்த்தார். அது மோர் போல வெளுத்திருந்தது. அடியில் எஃகுத் துணுக்குகள் மின்னின. சென்ற மழைக் காலத்தில் சாலை வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெயை மாற்றவேண்டும் என்று டிரைவர் அப்போதே சொன்னாராம். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பதில் வந்ததாம்! முதலாளி இதைக் கேட்டதும் சனியைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸை இராமநாதபுரத்துக்கு இழுத்துச் சென்றார்கள். மதுரையிலிருந்து, கழித்துப்போட்ட அதே ரக வண்டி ஒன்றின் பெட்டி தருவிக்கப்பட்டது. மதுரை மோட்டார்த் தொழிலில் பழுத்த ஊர். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களிலேயே அங்கே பஸ் ஓட்டத் தொடங்கினார். 1972-ல் அரசாங்கம் அந்தப் பஸ்களை ஏற்று, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தது.

பட்டறைக்குப் போய் நாமும் வேடிக்கை பார்த்தோம். வந்த பெட்டியை மெக்கானிக் உடனே மாட்டிவிடவில்லை. அதன் முன் தண்டு கிளட்சுத் தகட்டில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு கியராகப் போட்டு, முன் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினால் பின் தண்டு ஒரு சுற்று வருகிறது என்று எண்ணினார். பிறகு சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின் அச்சுக்குப் போகும் தண்டைக் கழற்றி, பழைய பெட்டியை ஜாக்கியில் தாங்கி, நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்து இறக்கினார்கள். பெட்டியின் பாரம் கிளட்சுத் தகட்டில் தொங்கினால் தகடு கோணிவிடுமாம். புதியதை ஏற்றும்போதும் அதே நிதானம். பழைய பெட்டியைத் திறந்தபோது, உடைந்த பேரிங் குண்டுகள் மெக்கானிக்கின் கட்சிக்கு சாட்சி சொல்லின.

மறுநாள் பஸ் சத்தமின்றிப் புறப்பட்டது. முதலாளி சம்பளத்தில் பிடித்த பணத்தை டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே நின்றவர்களையெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தம் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கெட்ட பெட்டியை மாற்ற இரண்டு நாள் போதுமாயிருந்தது. கெட்டது எது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை மாதம் ஆயிற்று. வீட்டிலும் காரியாலயத்திலும் தேசத்திலும் நாம் தினம் மாற்றிக்கொண்டிருக்கும் கிளட்சுத் தகடுகள் எத்தனையோ! அடுத்த முறை யார்மேலாவது பழி போடுமுன், எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் நல்லது.