பரிசோதனை யாரைத் திருத்தும்?

சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பு திறந்தவெளிச் சிறையில் கைதிகள் வேளாண்மை செய்து தண்டனைக் காலத்தைக் கழிக்கின்றனர். சிறை நெரிசலுக்கு இத்தகைய சிறைகளும் ஒரு தீர்வு என 2024-இல் உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அவை பெருகினால், கைதிகளுக்குப் போதைப்பொருள் பரிசோதனை வேண்டும் என்ற குரலும் வலுக்கும். கவலை நியாயமானதே. ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை.

பிரிட்டன் சிறைகளில் 1990-களின் நடுவில் கட்டாயச் சிறுநீர்ப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து கஞ்சா புகைத்தவரிடம் அதன் தடயம் வாரக்கணக்கில் தங்கும். ஹெராயினின் தடயமோ இரண்டு, மூன்று நாள்களில் மறையும். அகப்படும் அபாயமும் ஒரு விலைதான். ஆகவே, கைதிகள் கஞ்சாவை விட்டு ஹெராயினுக்கு மாறக்கூடும் என ஆய்வாளர்கள் அன்றே எச்சரித்தனர். தஞ்சை உழவர்களுக்கு இது புதிதன்று: ஒரு மடையை அடைத்தால் நீர் அடுத்த மடையைத் தேடும்.

முதல் தவறுக்கே மூடிய சிறைக்குத் திருப்பி அனுப்பினால், சிகிச்சை கேட்க எவரும் முன்வரமாட்டார். உழைத்துப் பெற்ற மறுவாழ்வும் பாழாகும். பரிசோதனை இருக்கட்டும், அதன் முடிவு முதலில் மருத்துவரிடம் போகட்டும். சிகிச்சைக்குப் பின்னும் திருந்தாதவரை இடம் மாற்றலாம். சட்டத்தின் முழுக் கடுமை, சிறைக்குள் போதைப்பொருளைக் கொண்டுவந்து விற்பவர் மீதே பாய வேண்டும்.