யார் பெரிய ஆட்டக்காரர்? நம் தராசு வேறு!

நாற்று நட்டுக் கரையேறிய தோழர்களும், ஷிப்டு முடித்து வந்த மில் தோழர்களும் கூடும் குத்துக்கல்வலசை டீக்கடைகளிலே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. கிரிக்கெட்டிலே யார் பெரிய பாட்ஸ்மன் என்பதுதான் அது.

"இந்தச் சீமான்கள் விளையாட்டு நமக்கு எதற்கு?" என்று நம் தோழர்களிலேயே சிலர் முகம் சுளிக்கிறார்கள். தவறு, தோழர்களே! ஆட்டத்தை ஆடுகிறவன் உழைப்பாளி. அவனை எடைபோடும் தராசு மட்டும் முதலாளி கையில் இருக்கிறது. அந்தத் தராசைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அவர்களுடைய முதல் தராசு, பணம். 2008 முதல் ஆட்டக்காரர்களை ஏலம் போடுகிறார்கள். 2024 நவம்பரிலே ஒருவரை 27 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். மாட்டுத்தாவணியிலே பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்வது போல, மனிதனுக்கு விலை சொல்கிறார்கள். விலை ஏறினால் ஆட்டம் உயர்ந்தது என்று எந்த நியாயம் சொல்கிறது? வாங்குகிறவனுடைய பைதான் பெரிது!

இரண்டாவது தராசு, வெறும் எண்ணிக்கை. இத்தனை ரன், இத்தனை சதம்! மில் தோழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. புதுத் தறியில் நூறு கஜம் ஓட்டியவனும், இழை அறுந்து அறுந்து விழும் பழந்தறியில் தொண்ணூறு கஜம் ஓட்டியவனும் மானேஜர் ஏட்டிலே எப்படி எழுதப்படுகிறார்கள்? முன்னவன் கெட்டிக்காரன், பின்னவன் சோம்பேறி! வயல் தோழர்களைக் கேளுங்கள். தலைமடையில் விளைந்த நெல்லும், தண்ணீர் எட்டாத கடைமடையில் ராப்பகலாகக் காவல் காத்து விளைவித்த நெல்லும் மரக்காலுக்குள் விழுந்தால் ஒன்றுதான். மரக்காலுக்கு வியர்வை தெரியாது.

1975 ஜனவரி, சென்னைச் சேப்பாக்கம் மைதானம். மேற்கிந்தியத் தீவின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்தியா எடுத்தது 190. அதிலே குண்டப்பா விஸ்வநாத் ஒருவர் மட்டும் 97, அவுட் ஆகாமல்! அவருக்கு அடுத்தபடி எடுத்தவருடைய ரன் வெறும் 19. கடைசி ஆள் விழுந்ததால் மூன்று ரன்னிலே சதம் தவறியது. சதப் பட்டியலைப் புரட்டினால் அந்த ஆட்டம் இராது. ஆனால் இந்தியா அந்த டெஸ்டை 100 ரன்னில் வென்றது. பாரம் ஏறிய வேளையிலே, மிகக் கடினமான எதிரிக்கு முன்னே, கூட்டத்தின் சுமையில் எவ்வளவைத் தன் தோளில் தாங்கினான்? இதுதான் நம் தராசு. பேடி எடுத்த 14 ரன்னையும் நம் தராசு மறக்காது. மறுமுனையில் ஒருவன் நிற்காவிட்டால் எந்த வீரனும் தனியாக ரன் எடுக்க முடியாது.

"அப்படியானால் பிராட்மன்?" என்று கேட்பீர்கள். அவர் இரண்டு தராசிலும் தேறுகிறார். 52 டெஸ்டுகளில் 6,996 ரன், சராசரி 99.94. கறுப்பின மக்கள் நெஞ்சில் ஏந்திய ஜமைக்காவின் ஜார்ஜ் ஹெட்லியே 60.83-ல்தான் நிற்கிறார். பெரியவர்கள் பலர் ஒரு படியில் நெருக்கியடித்து நிற்க, இவர் ஆளில்லாத மேல்படியில் தனியே நிற்கிறார். அதைவிடப் பெரிய சான்று வேறொன்று உண்டு. அவரை அடக்க முடியாத இங்கிலாந்துச் சீமான்கள் 1932-33-ல் பந்து வீசும் முறையையே மாற்றினார்கள். விக்கெட்டை விட்டுவிட்டு உடம்பைக் குறிவைத்து வீசச் சொன்னார்கள். அப்போதும் அவர் சராசரி 56.57! ஒருவனைத் தடுக்க ஆள்வோர் தம் முறையையே மாற்ற நேர்ந்தால், அவன் தனித்து நிற்கிறான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தப் பாவத்தின் கூலியை யார் சுமந்தார்கள், பாருங்கள். உத்தரவு போட்டவர் காப்டன் ஜார்டின், பம்பாயில் பிறந்த பாரிஸ்டர் மகன். வீசியவர் ஹெரால்டு லார்வுட், 14 வயதிலே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். பழி வந்ததும் மன்னிப்புக் கேட்கச் சொன்னது யாரை? சுரங்கத் தொழிலாளியை! அவர் மறுத்தார், இங்கிலாந்துக்காக மறுபடி ஆடவேயில்லை. ஜார்டினோ மறு வருஷமே காப்டனாக இந்தியாவுக்கு வந்து, 1934 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்திலேயே டெஸ்ட் ஆடிவிட்டுப் போனார். மேஸ்திரி தப்பினார், கூலிக்காரன் மாட்டிக்கொண்டான். இந்தக் கதை நமக்குத் தெரியாததா?

மூன்றாவது தராசு ஒன்று உண்டு; எல்லாவற்றிலும் பொல்லாதது. "அது பிறவி வரம், ரத்தத்திலே வருவது" என்பார்கள். பித்தலாட்டம்! பிராட்மன் தச்சர் மகன். சிறுவனாக இருந்தபோது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கற் சுவரில் கோல்ப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஸ்டம்புக் குச்சியால் அடித்து அடித்துப் பழகினார். அவர் நம் தோழரல்ல. பின்னாளில் பங்கு வியாபாரியாகி, 1949-ல் 'சர்' பட்டமும் பெற்றவர். ஆனாலும் அவர் திறமை பழக்கத்தில் விளைந்தது. பழகுவதற்கு அவருக்கு ஓய்வு நேரமும் ஒரு சுவரும் இருந்தன.

நம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? தென்னை மட்டைதான் பேட். அறுப்பு முடிந்த வயல்தான் மைதானம். மறுபடி தண்ணீர் பாய்ந்தால் ஆட்டமும் முடிந்தது. பன்னிரண்டு வயதிலே அப்பனுடைய கடன் அவனை வேலைக்கு இழுத்துப்போகுமானால், அவன் கையிலே எத்தனை சதம் இருந்தது என்று எந்தப் பட்டியல் சொல்லும்?

ஆகவே தோழர்களே, டீக்கடை விவாதம் நடக்கட்டும்! அதோடு பஞ்சாயத்திலே எழுந்து நின்று கேளுங்கள்: ஊருக்கொரு மைதானம் எங்கே? பிள்ளைக்குப் பள்ளியும், பெற்றவனுக்கு நியாயமான கூலியும் எங்கே? இவை கிடைத்த பிறகு, யார் பெரிய ஆட்டக்காரர் என்ற கேள்விக்கு நம் வயல்காட்டுப் பிள்ளைகளும் பதில் சொல்வார்கள்.